நாற்பத்தோராம் வரிசை

லெமிங்டனில் எனக்குச் சம்பளம் புழுவால்.
வரிசைக்கு முப்பது தக்காளி இலை திருப்ப வேண்டும்.
அடியில் முட்டை இருந்தால்
பெருவிரலால் நசுக்கிப் படிவத்தில் ஒரு கோடு.
எட்டு வருசம். எத்தனை கோடென்று
விரலுக்கே தெரியாது.

போன ஓகஸ்டில், நாற்பத்தோராம் வரிசையில், ஐந்து.
இலைக்கு ஒன்றாய்த் தள்ளித் தள்ளி,
பச்சையா வெள்ளையா என்று சொல்ல முடியாத
அரைக் கடுகுகள்.
ஏன் நசுக்கவில்லை என்று கேட்காதீர்கள்.
கைக்கு அன்று அலுத்திருந்தது.
சாப்பாட்டுப் பெட்டியில் இலையோடு வைத்து
வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நாலாம் நாள் பொரித்தன.
வெளியே வந்த வீட்டைத் தின்று முடித்த பிறகுதான்
இலைக்குப் போயின.
நூல்நுனி உடம்பு. பின்னால்
அதற்குப் பொருந்தாத பெரிய கறுப்புக் கொம்பு.
"இதையா கொன்று சம்பளம் வாங்குகிறாய்?" என்றான் எவுசேபியோ,
பக்கத்து அறைக்காரன், வஹாக்காவிலிருந்து
தக்காளி பறிக்க வந்தவன்.

பழைய முகத்தைக் கழற்றிக் கீழே போட்டுப் போட்டு வளர்ந்தன.
மூன்றாம் கிழமை என் நடுவிரலைவிடத் தடிப்பு.
பக்கத்துக்கு எட்டு வெள்ளை அம்புக்குறி.
இரவு, சமையலறை அடங்கியபின்,
கடிக்கிற சத்தம் கேட்டது.
வேலைத்தலத்து ஊதாக்கதிர் ரோர்ச்சை அடித்தால்
பெட்டிக்குள் புழு மட்டும் பச்சையாய் எரியும்.
அங்கே அந்த வெளிச்சம் தேடிக் கொல்வதற்கு.
இங்கே எண்ணுவதற்கு.

எண்ணிக்கை குறைந்தது.
ஒன்று தன் மூன்றாம் சட்டைக்குள்ளேயே செத்தது.
வெயில் படட்டும் என்று ஒருநாள் வாசலில் வைத்தது என் பிழை:
பத்து நாள் கழித்து இன்னொன்றின் முதுகு முழுக்கப்
பச்சரிசி ஒட்டியதுபோல் குளவிக்கூடுகள்.
கொம்பனி குளவியைப் போத்தலில் விலைக்கு வாங்கும்.
இது பில் இல்லாமல் வந்தது.

மிச்சம் மூன்றும் ஒருநாள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு
சுவர் சுவராய் அலைந்தன.
முதுகுத் தோலுக்கு அடியில் நெடுக ஓடும் துடிப்பு
வெளியே தெரிந்தது.
என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன்.
எனக்குத்தான் அவசரம்.
வாளி மண்ணைக் கண்டதும் தலைகீழாய் இறங்கின.

கிண்டி எடுத்தபோது
செம்பழுப்பில் மூன்று குடுவை, ஆளுக்கொரு கைப்பிடி.
அந்தக் கைப்பிடிக்குள் நாக்கு வளர்கிறது.
ஐஸ்கிறீம் பெட்டியில், ஈரப் பாசியில்,
பிறிஜ்ஜின் மரக்கறித் தட்டில் வைத்தேன்.
மூடியில் "சாப்பிடாதே" என்று எழுதியபிறகுதான்
எவுசேபியோவுக்குத் தமிழ் தெரியாதென்று நினைவு வந்தது.
கொம்பு ஒன்று வரைந்து விட்டேன்.

ஏரி உறைந்தது.
கிழமைக்கு ஒருமுறை கையில் எடுத்தேன்.
சூடு பட்டால் வால்மட்டும்
மாட்டேன் மாட்டேன் என்று ஆடும்.
தை மாதம் ஒன்று கடதாசிபோல் பாரமற்றுப் போனது.
மேயில் வெளியே எடுத்தபின் ஒன்று நாறியது.

யூலையில், நான் பல்துலக்கிக்கொண்டிருந்தபோது,
யன்னல் திரையில் நனைந்த சாம்பல் துண்டொன்று
ஏறிக்கொண்டிருந்தது.
கசங்கிய சிறகு ஒரு மணித்தியாலத்தில் நீவி விரிந்தது.
வயிற்றோரம் மஞ்சள் பொட்டுகள்.
வாயில் நூல் இருந்ததால் எவுசேபியோவை
முழங்கையால்தான் எழுப்ப முடிந்தது.
(நூல் அல்ல, துலக்கி. அன்று எனக்கு
எல்லாம் நாக்காய்த் தெரிந்தது.)

எங்கே விடுவது?
எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடிவீடு,
கண்ணாடிவீட்டுக்குள் தக்காளி,
தக்காளிக்கு அடியில் என்னைப்போல் ஒருவன்.
எவுசேபியோ வண்டியை ஓட்டினான்.
சோயா வயல் தாண்டி, வாய்க்கால் கரையில்
ஊமத்தை பூத்திருந்தது.
பறிக்க ஆளில்லாத வெள்ளைப் பூ,
ஆழம் அந்த நாக்குக்குச் சரி.

கையில் வைத்தேன். பறக்கவில்லை, நடுங்கியது.
"குளிருதா?" என்றான்.
"எஞ்சின் சூடாகிறது."
பிறகு கையில் ஒன்றும் இல்லை,
கொஞ்சம் சாம்பல் தூள்.

இன்று நாற்பத்தோராம் வரிசையில்
இருபத்தொன்பது இலை திருப்பினேன்.
படிவத்தில் பூச்சியம்.
முப்பதாவது, காற்றாடி அந்தப் பக்கம் திரும்புகிறபோதெல்லாம்
அசைந்துகொண்டிருந்தது.